லூட் பாக்ஸ் சூதாட்டமா? ஒவ்வொரு நாடும் ஏன் வேறு வேறு பதில் சொல்கிறது?

கேள்வி இதுதான்: கேம்களில் உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸ், காசு கட்டிக் குலுக்கிப் பொருளோ கதாபாத்திரமோ எடுக்கும் காச்சா எல்லாம் சூதாட்டமாகவே தெரிகிறது. பெல்ஜியத்தில் தடை செய்திருக்கிறார்கள், பிரிட்டனில் செய்யவில்லை. ஒரே பெட்டி ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் பொழுதுபோக்கு என்றால் எது சரி? பிள்ளை விளையாடுகிற வீட்டிலிருந்து வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றைச் சூதாட்டம் என்று சொல்ல, பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். காசு கட்டியிருக்க வேண்டும். முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்க வேண்டும். கிடைப்பது மதிப்புள்ள பரிசாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸில் முதல் இரண்டும் இருப்பது வெளிப்படை. வழக்கு, விசாரணை, அபராதம் என்று நடந்ததில் பெரும்பகுதி அந்த மூன்றாவது சொல்லைச் சுற்றித்தான். கேமுக்குள் மட்டுமே இருக்கிற ஒரு வாளோ, உடையோ, கால்பந்து வீரரின் அட்டையோ 'பரிசு' ஆகுமா?

அதற்குப் போகும் முன் ஒரு பெட்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் விளையாடும்போது பெட்டி சும்மாவே கிடைக்கும். திறக்கத்தான் சாவி வேண்டும். ஒரு சாவி சுமார் இரண்டரை டாலர். சாவியைப் போட்டதும் திரையில் ஒரு பட்டை ஓடத் தொடங்கும். நீலம், நீலம், ஊதா, நீலம் என்று துப்பாக்கி ஸ்கின்கள், அதாவது துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள், கடகடவென்று நகரும். நடுவில் ஒரு கோடு. வேகம் குறையக் குறையச் சத்தமும் இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும். அரிய கத்திக்கான தங்க நிறக் கட்டம் ஒன்று கோட்டை நெருங்கி, மெல்ல அதைத் தாண்டிப் போய்விடும். 'ஒரு கட்டத்தில் போச்சே' என்று மனசு அடித்துக்கொள்ளும். உண்மையில் எதுவும் ஒரு கட்டத்தில் போகவில்லை. என்ன கிடைக்கும் என்பதை சர்வர் முன்பே தீர்மானித்துவிட்டது. ஓடிய பட்டை முழுக்கக் காட்சி. சீனாவில் வாய்ப்புகளை வெளியிட வேண்டும் என்று விதி வந்தபோது, 2017-இல் இந்தப் பெட்டியின் கணக்கும் வெளியே வந்தது. நீல ரகம் 79.92 சதவீதம். எல்லோரும் எதிர்பார்க்கிற கத்தி ரகம் 0.26 சதவீதம், அதாவது ஏறத்தாழ 385-இல் ஒன்று. சராசரிக் கணக்கில் ஒரு கத்திக்கு 950 டாலருக்கு மேல் சாவிக்கே போய்விடும்.

இப்போது பரிசு என்ற சொல்லுக்கு வருவோம். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம், பரிசு என்றால் பணம் அல்லது பண மதிப்புள்ள பொருள் என்கிறது. கேமை விட்டு வெளியே எடுத்து விற்க முடியாத பொருள் இதில் அடங்காது என்பது அந்த நாட்டுச் சூதாட்ட ஆணையத்தின் நிலை. 2019-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. ஃபிஃபா கால்பந்து கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனத்தின் அதிகாரி அந்தக் குழு முன்பு, இவை லூட் பாக்ஸ் அல்ல, 'ஆச்சரிய ஏற்பாடுகள்' என்று சொல்லி, உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். எனக்கு அந்த ஒப்பீடு பொருந்தவே பொருந்தாது. முட்டையின் விலை மேலேயே எழுதியிருக்கும். அது நம் சட்டைப்பையில் இருபத்து நான்கு மணி நேரமும் கார்டு எண்ணோடு உட்கார்ந்திருக்காது. இன்றைக்குள் வாங்காவிட்டால் போச்சு என்று இரவு பதினொரு மணிக்கு அறிவிப்பும் அனுப்பாது. சட்டத்தைத் திருத்துங்கள் என்றுதான் குழு பரிந்துரைத்தது. அரசு 2022 ஜூலையில், திருத்தப்போவதில்லை, தொழில்துறையே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் அதே பிரிட்டனில் 2017-இல் ஃபுட்கேலக்ஸி என்ற தளத்தை நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஃபிஃபா கேமின் நாணயங்களை வைத்து அந்தத் தளத்தில் பந்தயம் கட்டலாம். நாணயத்தை வெளியே காசாகவும் மாற்றிக்கொள்ளலாம். காசாக்க வழி இருந்ததால் அது சூதாட்டம் ஆனது. கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்கின்களை வைத்துப் பந்தயம் நடத்திய 23 தளங்களுக்கு 2016 ஜூலையில் அந்தக் கேமை வெளியிடும் வால்வ் நிறுவனமே நோட்டீஸ் அனுப்பியது. ஆக, பரிசுக்கு மதிப்பு வருவதும் வராததும் பெட்டியைப் பொறுத்து இல்லை. வெளியே ஒரு சந்தை இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது. சந்தையைக் கேம் நிறுவனம் நடத்தவில்லை என்றால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அந்தரத்தில் தொங்குகிறது.

பெல்ஜியம் வேறு பாதையில் போனது. அங்கே 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'எந்த வகையான ஆதாயமும்' என்று இருக்கிறது. பண மதிப்பு வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே 2018 ஏப்ரலில் அந்த நாட்டு ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் மூன்றும் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. 8 லட்சம் யூரோ வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, சிறுவர்கள் சம்பந்தப்பட்டால் இரட்டிப்பு. நிறுவனங்கள் சில மாதம் முறைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிகளை எடுத்தன. வீரர் அட்டைகள் வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட்டை விற்பதை ஈஏ 2019 ஜனவரியில் அங்கே நிறுத்தியது. 2022-இல் டயாப்லோ இம்மார்ட்டல் என்ற கேம் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவே இல்லை. தடை வென்றது போலத் தெரிகிறதல்லவா? ஆனால் 2022-இல் ஓர் ஆய்வாளர் பெல்ஜியத்தில் அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் கேம்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் 82 கேம்களில் காசு கட்டும் குலுக்கல் இருந்தது. பெரிய பெயர்கள் அடங்கிவிட்டன, மற்றவர்கள் கவலைப்படவில்லை. கண்காணிக்க ஆள் இல்லாத தடை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நெதர்லாந்தில் கதை திரும்பியே விட்டது. வெளியே விற்கக்கூடிய பரிசு கிடைக்கும் பெட்டிகள் மட்டும் சட்டமீறல் என்று ஆணையம் கோடு போட்டது. ஃபிஃபாவில் எந்த வீரர் வருவார் என்று தெரியாமல் வாங்கும் அட்டைப் பொதிகளை நிறுத்தும்வரை வாரா வாரம் ஏறி 1 கோடி யூரோ வரை போகும் அபராதத்தை ஈஏ மேல் விதித்தது. 2020-இல் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 2022 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அட்டைப் பொதி தனி ஆட்டம் இல்லை. திறமையால் ஆடும் ஒரு பெரிய கால்பந்து கேமின் ஒரு பகுதி. பெரும்பாலானவர்கள் அதற்குள் பயன்படுத்தத்தான் பொதியைத் திறக்கிறார்கள் என்பது தீர்ப்பு. படித்தால் தர்க்கம் புரிகிறது. ஆனால் காசு கட்டி இருபது பொதி திறந்து ஒன்றும் வராமல் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தர்க்கத்தால் என்ன பயன்?

அமெரிக்காவில் இரண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை அருகருகே வைத்தால் குழப்பம் இன்னும் நன்றாகத் தெரியும். கேம் ஆஃப் வார் என்ற மொபைல் கேமில் உள்ளே ஒரு சூதாட்ட விடுதி, சுழலும் சக்கரம். காசு கொடுத்துத் தங்கம் வாங்கி, தங்கத்தைச் சில்லுகளாக மாற்றி, அதை வைத்துச் சுழற்ற வேண்டும். 2017-இல் நீதிமன்றம் சொன்னது: சக்கரத்தில் நீங்கள் விட்டது காசு இல்லை, கேம் பொருள், காசு அதற்கு முன்பே தங்கம் வாங்கியதோடு செலவாகிவிட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு நீதிமன்றம் பிக் ஃபிஷ் கேசினோ வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. சில்லு இல்லாமல் ஆட்டத்தைத் தொடர முடியாது. தொடர்ந்து ஆடும் உரிமையே மதிப்புள்ள பொருள்தான் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆகவே இது சூதாட்டம். அந்த வழக்கு கடைசியில் 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இரண்டிலும் செய்த காரியம் ஒன்றே. முதல் வழக்குக்குப் பொருந்திய மேரிலாந்து மாநிலச் சட்டத்தில் இருந்த சொல் வேறு, வாஷிங்டன் சட்டத்தில் இருந்த சொல் வேறு.

இதையெல்லாம் படித்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இது: 'பரிசு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் இந்தப் பிரச்சினை தீராது. பெட்டி திறக்கிற பையன் அந்த ஸ்கின்னை விற்று லாபம் பார்க்கப் போவதில்லை; அவனுக்கு அது வேண்டும், அவ்வளவுதான். அவனைப் பொறுத்தவரை இது ஒரு வாங்கல். எனவே விலை தெரிந்து வாங்குகிறானா, ஏமாற்றப்படாமல் வாங்குகிறானா என்று கேட்டால் நுகர்வோர் சட்டம் உள்ளே வந்துவிடும். உருப்படியாக ஏதாவது நடந்த இடங்களில் பெரும்பாலும் அந்தச் சட்டம்தான் வேலை செய்திருக்கிறது.

ஜப்பான்தான் முதலில் அந்த வழியில் போனது, அதுவும் 2012-இல். அங்கே 'கம்ப்ளீட் காச்சா' என்று ஒன்று இருந்தது. குலுக்கலில் வரும் பொருள்களை ஒரு தொகுதியாகச் சேர்த்தால் பெரிய பரிசு. கேட்க அப்பாவியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அட்டைத் தொகுதி, ஒவ்வொன்றும் வர ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து அட்டை சேர சராசரியாக ஆறு ஏழு குலுக்கல் போதும். மீதி ஐந்துக்கு இருபத்திரண்டுக்கு மேல் ஆகும். கடைசி ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் பத்து. பாதி தூரம் சீக்கிரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, 'இவ்வளவு வந்துவிட்டோம், விட்டதைப் பிடித்துவிடலாம்' என்ற இடத்தில் வைத்துச் செலவை ஏற்றுகிற அமைப்பு இது. அட்டை சேர்த்தால் பரிசு என்ற வியாபார முறைக்கு எதிராக அவர்களிடம் பழைய நுகர்வோர் விதி ஒன்று இருந்தது. அதன்கீழ் இது வரும் என்று நுகர்வோர் விவகார முகமை சொன்னது. ஜூலை முதல் நடைமுறை. அந்தச் செய்தி கசிந்த மே மாதத்தில் மொபைல் கேம் நடத்திய கிரீ, டிஎன்ஏ என்ற இரண்டு நிறுவனங்களின் பங்குகளும் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சரிந்தன. எவ்வளவு வருமானம் அந்தக் கடைசி அட்டையில் இருந்தது என்று இதிலிருந்தே தெரியும். சூதாட்டமா என்ற விவாதத்துக்கே அவர்கள் போகவில்லை.

ஆனால் சாதாரணக் காச்சா அங்கே தொடர்ந்தது. 2016-இன் தொடக்கத்தில் கிரான்ப்ளூ ஃபேன்டசி கேமில் ஒரு கதாபாத்திரத்துக்காக ஒருவர் நேரலையில் 2,276 முறை குலுக்கினார். ஆறரை லட்சம் யென்னுக்கு மேல் போனது. கூச்சல் எழுந்தபின் நிறுவனம் 300 குலுக்கலை உச்சவரம்பாக வைத்தது. அத்தனை முறை குலுக்கிவிட்டால் வேண்டிய கதாபாத்திரத்தை நேராக எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் ஆட்டக்காரர்கள் 'சீலிங்', 'பிட்டி' என்கிறார்கள். என் கணக்கில் இது மிக முக்கியமான ஏற்பாடு. காரணம், உச்சவரம்பு வந்த நிமிடமே குலுக்கலுக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. மோசமாகப் போனால் இவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

வாய்ப்பு சதவீதத்தை வெளியிட்டால் போதாதா என்று கேட்பார்கள். சீனா 2017 மே முதல் அதைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் அதே ஆண்டு டிசம்பரில் தன் ஆப் ஸ்டோர் விதியில் சேர்த்தது. தேவைதான், ஆனால் போதாது. 1 சதவீதம் என்று எழுதியிருந்தால் நூறு முறை குலுக்கினால் கிடைத்துவிடும் என்று நம் மனசு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நூறு முறை குலுக்கிய நூறு பேரில் சுமார் 37 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. 300 முறை போனாலும் சுமார் ஐந்து பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். ஒவ்வொரு குலுக்கலும் புதிதாகத் தொடங்குகிறது, முன்பு தோற்றதை அது கணக்கில் வைப்பதில்லை. பெரியவர்களுக்கே இது மண்டையில் ஏறுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சதவீதத்தைக் காட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்பது நியாயமில்லை.

அப்புறம், வெளியிட்ட சதவீதம் உண்மைதானா? தென் கொரியாவில் நடந்தது இதற்குப் பாடம். மேப்பிள்ஸ்டோரி கேமில் அப்போது கியூப் என்ற பொருளைக் காசு கொடுத்து வாங்கி, ஆயுதத்தின் கூடுதல் திறன்களை மறுபடி மறுபடி குலுக்க முடிந்தது. மூன்று வரிசையிலும் ஒரே வலுவான திறன் வர வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் தவம் கிடந்தார்கள். 2011-இல் அப்படிப்பட்ட சில சேர்க்கைகளின் வாய்ப்பை நெக்ஸான் நிறுவனம் பூஜ்யமாக்கியது, யாருக்கும் சொல்லாமல். 2021 வரை ஆட்கள் கிடைக்கவே முடியாத ஒன்றுக்காகக் காசு கட்டிக்கொண்டே இருந்தார்கள். பத்து ஆண்டு! 2024 ஜனவரியில் நியாய வர்த்தக ஆணையம் சுமார் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டு சூதாட்டம் அல்ல, நுகர்வோரை ஏமாற்றியது. அதே ஆண்டு மார்ச் 22 முதல் வாய்ப்பை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயம்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் கேமை வெளியிடும் நிறுவனத்தோடு செய்துகொண்ட தீர்வும் இதே வழிதான். 2 கோடி டாலர் அபராதம் செய்தியில் பெரிதாக வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை நிபந்தனைகள். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக் கூடாது. கேம் நாணயத்துக்கும் உண்மைக் காசுக்கும் உள்ள மாற்று விகிதத்தைச் சொல்ல வேண்டும். நேராகக் காசு கொடுத்தே பெட்டியை வாங்கும் வழி இருக்க வேண்டும். அந்தக் கேமில் காசு முதலில் படிகமாகும், படிகம் ரத்தினமாகும், 160 ரத்தினம் ஒரு குலுக்கல் ஆகும். படிகம் 60, 300 என்று கட்டுக்கட்டாக விற்கும். அறுபது வாங்கினால் ஒன்றுக்கும் போதாது. முந்நூறு வாங்கினால் கொஞ்சம் மீதி நிற்கும். அந்த மீதி அடுத்த கட்டை வாங்கச் சொல்லும். இத்தனை படி தாண்டி வந்தபின், ஒரு குலுக்கலுக்கு எவ்வளவு காசு என்று சட்டென்று சொல்ல யாரால் முடியும்? படிகள் வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

வயது முத்திரை பற்றி ஒரு வரி. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22-க்குப் பின் வகைப்படுத்தப்படும் கேம்களில் காசு கட்டும் லூட் பாக்ஸ் இருந்தால் குறைந்தது 'எம்' முத்திரை, அதாவது 15 வயதுக்குக் கீழ் பரிந்துரை இல்லை. முத்திரை தகவல் தரும், தடுக்காது. பிரேசில் 2025 செப்டம்பரில் சிறுவர்கள் அணுகக்கூடிய கேம்களில் லூட் பாக்ஸையே தடை செய்து சட்டம் இயற்றியிருக்கிறது.

தீங்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 7,422 ஆட்டக்காரர்களிடம் கேட்டார்கள். சூதாட்டப் பழக்கம் எவ்வளவு தீவிரமோ அவ்வளவுக்கு லூட் பாக்ஸ் செலவும் கூடியிருந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளும் இதையே கண்டன. பெட்டி சூதாடியாக்குகிறதா, ஏற்கெனவே அந்தப் பலவீனம் உள்ளவர்களைப் பெட்டி இழுக்கிறதா என்பதை இந்த மாதிரி ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால் 2021-இல் பிரிட்டனில் வந்த அறிக்கை ஒன்று, வாங்குபவர்களில் மேல்தட்டு 5 சதவீதம் பேரிடமிருந்தே லூட் பாக்ஸ் வருமானத்தில் ஏறத்தாழ பாதி வருகிறது என்றது. அந்த 5 சதவீதத்தில் மூன்றில் ஒருவர் சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களின் வரம்பில் இருந்தார்கள். இரண்டில் எந்த விளக்கம் சரியானாலும், காசு யாரிடமிருந்து வருகிறது என்பது மாறப்போவதில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பையன் விளையாடும் கேமில் உச்சவரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காச்சா கேம்களில் குலுக்கல் திரையின் மூலையில் 'விவரம்' என்று சிறிதாக ஒரு பொத்தான் இருக்கும். சதவீதமும் உச்சவரம்பும் அதற்குள்தான் எழுதியிருக்கும். கென்ஷினில் உயர்ந்த ரகக் கதாபாத்திரம் வர ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீதம், 90-ஆவதில் நிச்சயம். ஆனால் குறிப்பிட்ட ஒரே கதாபாத்திரம்தான் வேண்டும் என்றால் மோசமான நிலையில் 180 குலுக்கல். அந்த எண்ணை ஒரு குலுக்கலின் உண்மைக் காசு விலையால் அவனையே பெருக்கச் சொல்லுங்கள். நீங்கள் திட்டுவதைவிட அவன் போட்ட கணக்கு அவனுக்கு அதிகம் உறைக்கும். உச்சவரம்பே இல்லாத கேமாக இருந்தால், அதில் செலவுக்கு முடிவு கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

போனில் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி ஆப் ஸ்டோர் அமைப்பை மாற்றுங்கள். ஸ்கின் வைத்துப் பந்தயம் கட்டும் வெளித்தளங்களில் அவனுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த நாட்டுச் சட்டத்திலும் சூதாட்டத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அங்கே கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு விட்டதைப் பிடிக்க மேலும் போடுவார்கள். ஏற்கெனவே உங்களுக்குத் தெரியாமல் காசு போயிருந்தால், மின்னஞ்சலில் வந்த ரசீதுகளைத் தேடியெடுத்து, சிறுவர் உங்கள் சம்மதமில்லாமல் வாங்கியது என்று குறிப்பிட்டு ஆப் ஸ்டோரிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். நாள் தள்ளிப்போனால் திரும்பக் கிடைப்பது கடினம்.